உனக்குத் தடவாத களிம்பு

இன்று காலை ஆய்வகத்தில் தேன்மெழுகு உருகிக்கொண்டிருந்தது. வெந்நீரில் நிற்க வைத்த பீக்கருக்குள் மஞ்சள் கட்டி மெல்ல இளகி நல்லெண்ணெயோடு சேரத் தொடங்கியதும் அந்த வாசனை எழுந்தது. நான் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினேன். திரும்பிய பிறகுதான் எதற்குத் திரும்பினேன் என்று எனக்கே உறைத்தது. மெழுகு உருகும்போதெல்லாம் அந்த ஜன்னலோரத்து ஸ்டூலில் இருந்து, "எங்க மாதா கோயில் வாசம்டி" என்பாய். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. நானும் விடாமல், "எனக்கு எண்ணெ தேச்சுக் குளிச்ச வாசந்தான் வருது, போடி" என்பேன். இன்றைக்கு உன் பங்கைச் சொல்ல ஆள் இல்லை. என் பங்கைத் தனியாகச் சொல்லவும் வாய் வரவில்லை.

அனுமதி வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் களிம்பை மனிதத் தோலில் வைத்துப் பார்க்கலாம் என்று நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டுவிட்டது. நீ இருந்தவரை வராத அனுமதி, நீ போன மழைக்காலம் முடிந்து வெயில் ஏறுவதற்குள் வந்து நிற்கிறது. செய்தியைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் சுபாவம்தான் உனக்குத் தெரியுமே. துறைத்தலைவர் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கை கழுவும் சாக்கில் வெளியே போய் நின்றுவிட்டேன்.

இங்கே எல்லாரும் நல்லவர்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளாக நாளாக ஆறிடும் மேடம்" என்கிறார்கள். காயம் எப்படி ஆறுகிறது என்பதையே வேலையாக வைத்திருக்கிற ஒருத்தியிடம் வந்து இதைச் சொல்கிறார்கள். எதில் வைத்துச் சோதித்துப் பார்த்தீர்கள் என்று கேட்க நாக்கு துடிக்கும். நீ இருந்திருந்தால் என் முழங்கையைக் கிள்ளி, "விடுடி, அன்பாத்தானே சொல்றாங்க" என்றிருப்பாய். அதனால் கேட்காமல் விட்டுவிடுகிறேன்.

நாம் சிநேகமானது பாடம் நடத்தும் பெரம்பலூர்க் கல்லூரியில் இல்லை, பஸ்ஸில்தான். ஒரே துறையில் ஒரு பருவம் முழுக்க "குட் மார்னிங்" மட்டும் சொல்லிக்கொண்டு இருந்தோம். நீ ஏலாக்குறிச்சிப் பக்கமிருந்து திருமானூர் வழியாக அரியலூர் வருவாய். நான் அரியலூரில் வாழ்க்கைப்பட்டவள். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பெரம்பலூர் வண்டி வந்து நின்றதும் நீ கைக்குட்டையை ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடிப்பாய். ஒருநாள் உன் கைக்குட்டை மேலேயே நான் உட்கார்ந்துவிட்டேன். நீ சண்டை போடுவாய் என்று பார்த்தேன். "உட்காருங்க. ஆனா ஜன்னலச் சாத்தக் கூடாது" என்றாய். சுண்ணாம்புக்கல் ஏற்றின லாரிகள் வரிசையாக வருகிற ரோட்டில் ஜன்னலைத் திறந்து வைக்கிறவளை அன்றுதான் பார்த்தேன். பெரம்பலூரில் இறங்கும்போது இரண்டு பேர் தோளும் வெளுத்திருந்தன. நீ முதலில் என் தோளைத் தட்டிவிட்டாய். அதன்பிறகு தினமும் அதே ஜன்னல், அதே சண்டை, அதே தட்டல்.

அப்புறம் என் தம்பி கல்யாணம். ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு நீ வந்திருந்தாய். பந்தியில் பெண்கள் வரிசையில் உன்னை உட்கார வைத்துவிட்டு நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். பாதியில் பார்த்தால் நீ சாப்பிடாமல் எதிர் வரிசையையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். ரசம் விழுந்ததும் அங்கே நாலைந்து பேர் கையைச் சோற்றில் வைக்கப் பயந்து, விரல் நுனியால் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். முந்திரிக் கொட்டகையில் கொட்டை உடைக்கிற பெண்கள். சுட்ட கொட்டையை உடைக்கும்போது ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் விரலை வெந்துபோக வைக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் உடைப்பார்கள். என்றாலும் தப்பாது. மிளகாய்க் காரம் அந்தப் புண்ணில் பட்டால் உயிர் போய்விடும். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியதால் நான் அதைக் கவனிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தேன்.

நீ எழுந்து சமையல் பந்தலுக்குப் போய் ஸ்பூன் வாங்கிக்கொண்டு வந்தாய். அவர்கள் சிரித்தார்கள். எனக்கு அக்கா முறையாகிற பவுனு அக்கா, அந்தக் கொட்டகைக்கே வாய் அவர்தான், "கல்யாணச் சோத்த ஸ்பூனால திங்கறதா? ஆசுபத்திரியில படுத்துருக்கேனா நானு?" என்றார். நீ உன் இலைக்குத் திரும்பி வந்து, நல்லா இருக்கிற உன் கையை ஓரமாக வைத்துவிட்டு, ஸ்பூனால் ரசம் சோற்றை அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தாய். பவுனு அக்கா கொஞ்ச நேரம் உன்னைப் பார்த்தார். பிறகு அவரும் ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஜெயங்கொண்டம் தாண்டியதும் நீ கேட்டாய்: "வெட்டுக்காயப் பூண்டு இதுக்குக் கேக்குமாடி?"

நம் வேலை அங்கேதான் தொடங்கியது. என் அம்மாவிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வரப்புல கெடக்குற பச்சில. கசக்கிப் புழிஞ்சா ஆறிடும். இதுக்குப் போயி ரெண்டு வாத்தியாரம்மா சேந்து மிஷின் வச்சுப் பாக்கப்போறீங்களாக்கும்!" நான் எரிச்சலில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய். "அருவா வெட்டுக்குச் சரிதாம்மா. நானே தடவியிருக்கேன். எண்ணெ பட்டு வெந்த வெரலுக்கும் அது சரியா? தெனமும் தடவுனா என்ன ஆவும்? அது தெரியாதுல்லம்மா." அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியாதுதான்" என்றார். என் அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. நீ அதை எவ்வளவு சுலபமாகச் சொல்வாய். வகுப்பில் பிள்ளைகள் கேட்கிற கேள்விக்குக்கூட, "தெரியலம்மா, பாத்துட்டுச் சொல்றேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாய். நான் அந்த இடத்தில் சுற்றி வளைத்து ஏதாவது பேசித் தப்பிப்பேன்.

இலையை நிழலில் காய வைத்தோம், பொடித்தோம், எத்தனாலில் ஊற வைத்துச் சாறு எடுத்தோம். சொன்னால் ஒரு வரி. காய வைத்த இலையை ஆய்வக உதவியாளர் குப்பை என்று நினைத்துப் பெருக்கித் தள்ளியதும், நீ குப்பைத்தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து அழாத குறையாகப் பொறுக்கியதும், பொறுக்கி முடித்துவிட்டு, "இனி இது சுத்தமில்ல" என்று நீயே எல்லாவற்றையும் திரும்பக் கொட்டியதும் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கின்றன. அப்போது உன்னைக் கழுத்தை நெரித்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

தோல் செல்களை வளர்க்க நம்மிடம் வசதி கிடையாது. திருச்சி ஆய்வகம் ஒன்றில் இடம் கேட்டு வாங்கினோம். தட்டில் விரிந்து வளர்ந்திருக்கிற செல்களின் நடுவே ஒரு கீறல் போட்டு, சாற்றை விட்டு, கீறல் மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் தடவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தது நீதான். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "ஏய், கொள்ளிடத்துல ரெண்டு கரையும் நடந்து வந்து சேருற மாதிரி இருக்குடி" என்றாய். நான் உன்னைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். நிஜமாகவே இரண்டு பக்கத்துச் செல்களும் நெருங்கி வந்திருந்தன. எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆறிவிட்டது, களிம்பைச் செய்துவிடலாம், பவுனு அக்காவுக்குக் கொடுத்துவிடலாம் என்று நான் படபடத்தபோது நீ சொன்னாய்: "ஆறுச்சான்னு மட்டும் கேக்காத. வேற என்ன பண்ணுச்சுன்னும் கேளு."

அந்த வாக்கியத்தை எத்தனை விதமாகக் கேலி செய்திருப்பேன்! டீ குடித்தால், "இனிச்சுதான்னு மட்டும் கேக்காத." சேலை எடுத்தால், "நல்லாருக்கான்னு மட்டும் கேக்காத." நீயும் சேர்ந்து சிரிப்பாய். ஆனால் கேட்பதை மட்டும் நிறுத்தமாட்டாய்.

நம் வேலை விஷயம் கொட்டகைக்குத் தெரிந்ததும் அவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க கைக்குத்தான மருந்து? எலய நாங்களே பறிச்சுத் தரோம். நீங்க ஏன் வெயில்ல அலையுறீங்க?" என்று பவுனு அக்கா சொல்லிவிட்டார். வேலை நடுவே எழுந்து போய், தோப்பு ஓரத்திலிருந்து பறித்து, காம்பு கிள்ளி, பூவைத் தனியாக, இலையைத் தனியாக ஆய்ந்து, கோணி நிறையக் கொடுத்தார்கள். கீரை ஆய்கிற கைகள் இல்லையா, அப்படி ஒரு சுத்தம். நாம் ஒருநாளும் அப்படிப் பறித்ததில்லை. நீ கோணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாய். ஊர்ப்பட்ட சந்தோஷம் உன் முகத்தில்.

அந்த இலையிலிருந்து எடுத்த சாறு செல்களைக் கொன்றுவிட்டது. கீறலின் இரண்டு கரையும் நெருங்கவில்லை, கரையே கரைந்துபோனது. திரும்பப் போட்டோம். திரும்பவும் அதே கதி. நான் நொந்துபோனேன். முதலில் வந்ததுதான் தப்பு, பூண்டே விஷம், இத்தனை நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறோம் என்று பஸ்ஸில் உன்னிடம் புலம்பிக்கொண்டே வந்தேன். நீ காதில் வாங்காமல் விரல் இடுக்கைச் சொறிந்துகொண்டிருந்தாய். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் சிவந்து தடித்திருந்தது. எரிச்சலில், "என்னடி இது, கொட்டை ஒடச்சவ கை மாதிரி வச்சிருக்க?" என்றேன்.

நீ சொறிவதை நிறுத்தினாய். "திரும்பச் சொல்லு."

சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் புரிந்துவிட்டது. இலையை ஆய்ந்த விரல்களில் ஓட்டு எண்ணெய் இருந்திருக்கிறது. கழுவினாலும் எளிதில் போகாத எண்ணெய். ஒவ்வொரு இலையையும் ஆசை ஆசையாகத் தடவித் தடவி ஆய்ந்திருக்கிறார்கள். முந்திரிக் காட்டில் வளர்ந்த என் கைக்கு அது பழகிப்போயிருந்தது. அந்த இலையைத் தொட்டுப் பொடித்ததும், கொள்ளிடக்கரை நெல்வயல்காரி உன் கையில் காட்டிவிட்டது. அதே இடத்திலிருந்து நாமே போய் இலை பறித்துச் செய்து பார்த்தோம். இந்த முறை கரைகள் நடந்து வந்தன.

இதை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்லிவிடலாம், இலை போதும் என்று சொல்லிவிடலாம் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. கொட்டகைக்குப் போய், உடைத்துப் போட்ட ஓட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை அப்படியே சொன்னாய். பவுனு அக்கா சாம்பல் படிந்த இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க கை பட்டதே வெஷமாப் போச்சா டீச்சரு?" என்று கேட்டார். 

நீ அந்தக் கைகளை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டாய். அடுத்த நாள் உன் கை தடிக்கும் என்று தெரிந்தே வைத்துக்கொண்டாய். "கை இல்லக்கா, கையில ஒட்டியிருந்த எண்ணெ. அது இவ்ளோ பொல்லாததுன்னு உங்களாலதான் தெரிஞ்சுச்சு. இனி நீங்க எங்க இருக்குன்னு காட்டுங்க, நாங்க பறிக்கிறோம்" என்றாய். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் பவுனு அக்கா நமக்கு முன்னால் வரப்பில் நடந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சர்வே பண்ண வந்த ஆபீசர் மாதிரி. "அந்தா, அது முத்தல், விடு. இத எடு. டீச்சரு, ஒனக்குக் கண்ணு தெரியுதா இல்லியா?" நீ குனிந்து பறித்துக்கொண்டே சிரிப்பாய். அந்தக் காலை வெயிலும் முந்திரிப் பூ வாசமும் உங்கள் இருவர் குரலும் இப்போதும் எனக்குள் அப்படியே இருக்கின்றன. நான் கேட்பதெல்லாம் அப்படி இன்னொரு காலை, அவ்வளவுதான்.

சாற்றைத் தேன்மெழுகிலும் நல்லெண்ணெயிலும் குழைத்துக் களிம்பாக்கி, அனுமதிக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தபோது உனக்கு மார்பில் கட்டி வந்தது. திருச்சியில் ஊசி மருந்து ஏற்றினார்கள், பிறகு கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். முடி கொட்டியதைக்கூட நீ பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இனி சீப்பு தேடவேண்டாம் என்றாய். ஆனால் கரண்ட் வைத்த இடத்தில் தோல் வெந்து, கழுத்தோரம் உரிந்து நீர் கசிய ஆரம்பித்தது. ஏலாக்குறிச்சிக்கு நான் வந்த அன்று உன் அம்மா உனக்கு விசிறிக்கொண்டிருந்தார். ரவிக்கைத் துணி பட்டால்கூடத் தாங்கவில்லை என்று சொல்லிவிட்டு எனக்குக் காபி போட உள்ளே போனார். நீ ஒரு பழைய வேட்டித்துணியைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாயாமல் நேராக உட்கார்ந்திருந்தாய்.

நான் கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். நம் களிம்புதான். ஆய்வகக் குளிர்பெட்டியில் இருந்ததை எடுத்து வந்திருந்தேன். நீ மூடியைத் திறந்து முகர்ந்தாய். கண்ணை மூடிக்கொண்டு, "மாதா கோயில் வாசம்" என்றாய். பிறகு மூடியை இறுக்கி மூடி என்னிடம் நீட்டினாய்.

"கொஞ்சமா, ஓரத்துல மட்டும் தடவிப் பாக்கலாம்டி" என்றேன்.

"பவுனு அக்கா வெரலுக்குக் குடுக்காதத எனக்கு மட்டும் குடுப்பியா?"

"அவங்க வேற, நீ வேற."

"தோலு தோலுதாண்டி. இந்தப் புண்ணு மேல இதப் போட்டா என்ன ஆவும், தெரியுமா ஒனக்கு?"

நான் டப்பாவை வாங்கி மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். "சொல்லு, தெரியுமா?" என்றாய் மறுபடியும். வலியில் உதடு வறண்டிருந்தது. ஆனால் அந்தக் கேள்வியை நீ ஆய்வகத்தில் கேட்பது போலவேதான் கேட்டாய்.

"தெரியாது" என்றேன்.

"அப்ப உள்ள வை."

டாக்டர் கொடுத்த மருந்தைத்தான் கடைசிவரை தடவிக்கொண்டாய். அதுதான் சரி. எனக்கும் அது தெரியும். ஆனாலும் அன்று திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. திருமானூர் தாண்டி அரியலூர் வருகிறவரை உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். டப்பா மடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன்.

நீ போன அன்று மழை. கொட்டகைப் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு, பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார்கள். உன்னைப் பெட்டியில் வைத்துச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் வரிசையாக வந்து உன் கையைத் தொட்டு, நெற்றியைத் தொட்டுப் போனார்கள். பவுனு அக்கா மட்டும் பெட்டிக்கு ஓரடி தள்ளியே நின்றார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட அந்தக் கையை அவர் முன்னால் எடுக்கவில்லை. "தொடுங்கக்கா" என்றேன். "வேணாம், என் கை ஆவாதும்மா அதுக்கு" என்றார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்து உன் கை மேல் வைத்தேன். அதுவரை தைரியமாக நின்ற நான் அங்கேதான் உடைந்துபோனேன்.

இதெல்லாம் உனக்குத் தெரியாது என்பதால் எழுதினேன்.

முதலில் புண் இல்லாத, நல்ல தோலில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். ஒப்புக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. காலையில் செய்த களிம்பை முன்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார்கள். நனைக்கக் கூடாது, சொறியக் கூடாது. பிரிக்கும்வரை பொறுமையாக இருக்க வேண்டுமாம். என்னைப் போய்ப் பொறுமையாக இருக்கச் சொல்கிறார்கள், சிரி.

மதியம் பவுனு அக்கா போன் பண்ணினார். அனுமதி விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போய்விட்டது.

"டீச்சரு, மருந்து வந்துருச்சாமுல்ல. எங்க வெரலு ஆறிடுமா?"

முன்பு என்றால் ஆறும் என்றிருப்பேன், இல்லாவிட்டால் சுற்றி வளைத்திருப்பேன். "தெரியலக்கா. பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் வந்தது. எதிர்முனையில் கொட்டை உடைபடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தப் புள்ளயும் இதயேதான் சொல்லும்" என்றார் பவுனு அக்கா. போனை வைத்துவிட்டார்.

பிளாஸ்திரி மேல் கையை வைத்துக்கொண்டு உன் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை, இதுவரை. அன்றைக்கு ஓரத்தில் ஒரு பொட்டுத் தடவ நீ விட்டிருந்தால், உன் வலி ஒரு மணி நேரமாவது குறைந்திருக்குமா? நீ கேட்டால் நான் சொல்ல வேண்டிய பதிலைத்தான் எனக்கும் சொல்லிக்கொள்கிறேன். தெரியாது.